தோட்டத்தை உயர்த்தாதீர்கள், பள்ளம் எடுங்கள்

வாசகர் கேள்வி

சென்னை தாம்பரத்தை அடுத்த சேலையூரில் 40க்கு 60 அடி மனையில் எங்கள் வீடு. மாமனார் கட்டியது, பிறகு நாங்கள் மாடி எடுத்தோம். தெற்குப் பார்த்த வாசல். பின்பக்கம் 40 அடி அகலம், 20 அடி ஆழத்துக்கு இடம் சும்மா கிடக்கிறது. வடமேற்கு மூலையில் மாமரம், பின்சுவரை ஒட்டி நடுவில் ஒரு தென்னை, வடகிழக்கில் ஸ்லாப் போட்டு மூடிய பழைய உறைக்கிணறு, கொல்லைக் கதவுக்குப் பக்கத்தில் துவைக்கிற கல். செப்டிக் டேங்க் மேற்குப் பக்கச் சந்தில் இருக்கிறது. மண் களிமண். ஐப்பசி, கார்த்திகை மழையில் மூன்று நாள் தண்ணீர் நிற்கிறது, கிணற்றுக்கு முன்னால் முழங்கால் அளவு. மாடித் தண்ணீர் இரண்டு குழாயும் பின்பக்கம்தான் விழுகிறது. ரோடு போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்துவிட்டதால் தண்ணீர் வெளியே போக வழியில்லை.

லேண்ட்ஸ்கேப் கான்ட்ராக்டர் ஒருவர் வந்து பார்த்தார். ஒரு அடி சவுடு (நிரப்பு மண்) அடித்து உயர்த்திவிட்டு, பாதிக்குப் பேவர் பிளாக், பாதிக்குக் கொரியன் புல், ஓரத்தில் ஃபாக்ஸ்டெயில் பனை, பின்சுவர் நெடுகக் கொனோகார்பஸ், நடுவில் ஒரு ஃபவுண்டன் என்கிறார். மாமரத்தை எடுத்துவிட வேண்டுமாம். 4 லட்சத்து 20 ஆயிரம் கேட்கிறார். எங்களிடம் இருப்பது 2 லட்சம். மகன் செயற்கைப் புல் போட்டால் போதும் என்கிறான். அத்தைக்கு (மாமியார், வயது 74) பூஜைக்குப் பூ வேண்டும், மாமரத்தில் யாரும் கை வைக்கக் கூடாது. எனக்குக் காலையில் காபி குடிக்க உட்கார ஓர் இடம் இருந்தால் சரி. கொசுவை நினைத்தாலும் பயமாக இருக்கிறது. போர் தண்ணீர் டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்த உப்பின் அளவு) 1,600. கறிவேப்பிலை வேறு, துவைக்கிற கல் பக்கம் மூன்று முறை வைத்தும் வரவில்லை. எதில் தொடங்குவது?

பதில்

முதலில் அந்தச் சவுடு லாரியை வர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மற்றதையெல்லாம் நிதானமாகப் பேசிக்கொள்ளலாம்.

உங்கள் கொல்லைப்புறம் 800 சதுர அடி. ஒரு அடி உயரத்துக்கு 800 கன அடி மண், அதாவது 8 யூனிட். மிதிபட்டு இறுகும் அளவையும் சேர்த்தால் பத்து யூனிட்டுக்குக் குறையாது. வருவதும் நல்ல மண்ணாக இருக்குமா என்றால், பாதி வீடு இடித்த ரப்பீஸ், உடைந்த டைல்ஸ், பிளாஸ்டிக் பை. அதை மேலே பரப்பி, இரண்டு அங்குலம் செம்மண் தூவி, புல்லை விரித்துவிட்டால் பார்வைக்குத் தெரியாது. ஆறு மாதம் கழித்துச் செடி வைக்கக் குழி தோண்டும்போதுதான் தெரியும்.

அதைவிடப் பெரிய கோளாறு வேறு. தண்ணீர் இப்போது நிற்பது தோட்டத்தில். தோட்டத்தை ஒரு அடி உயர்த்தினால் அந்தத் தண்ணீர் எங்கே போகும்? தெரு மேடு, பக்கத்து மனைகள் மேடு. மிச்சம் இருப்பது உங்கள் வீட்டுச் சுவர்தான். உங்கள் கொல்லைக் கதவின் படி எத்தனை உயரம் என்று எழுதவில்லை. பழைய வீடுகளில் பெரும்பாலும் ஒன்றரை அடிதான் இருக்கும். அதில் ஒரு அடியைச் சவுடு தின்றுவிட்டால் அடுத்த பெருமழையில் சமையலறைக்குள் தண்ணீர். மழை இல்லாத நாளிலும் ஈர மண் சுவரோடு ஒட்டிக்கிடக்கும். பெயின்ட் உப்புப் பூத்து உதிரும், கரையான் நேராக நிலைக்கட்டைக்கு ஏறும். மாமரத்தின் அடிமரமும் ஒரு அடி புதையும். மரம் தண்ணீரையும் காற்றையும் எடுக்கும் மெல்லிய வேர்கள் பெரும்பாலும் மேல் ஒன்றரை அடி மண்ணில்தான் இருக்கின்றன. அதன் மேல் சவுடைக் கொட்டி இறுக்கினால் வேர் மூச்சு முட்டும். மரம் உடனே சாகாது, இரண்டு மூன்று வருடம் இழுத்துக்கொண்டு கிடந்து பட்டுப்போகும்.

ஆகவே உயர்த்துவதற்குப் பதில் பள்ளம் எடுக்கப்போகிறோம். கேட்கும்போது தலைகீழாக இருக்கும். கணக்குப் போட்டால் நியாயம் விளங்கும்.

ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். உங்கள் மாடி 1,000 சதுர அடி என்று வைத்துக்கொண்டால் 93 சதுர மீட்டர். தோட்டம் 74 சதுர மீட்டர். ஒரே நாளில் 10 சென்டிமீட்டர் மழை உங்கள் பக்கம் வருடா வருடம் எதிர்பார்க்கக்கூடியதுதான். அன்று மாடியிலிருந்து வருவது 9,300 லிட்டர், தோட்டத்தின் மேல் நேராக விழுவது 7,400 லிட்டர். ஆக, உங்கள் வீட்டுப் பின்னால் நிற்கும் தண்ணீரில் பாதிக்கு மேல் தோட்டத்தின் தண்ணீரே இல்லை. மாடி கொண்டுவந்து கொட்டுவது. அந்த இரண்டு குழாயையும் திருப்பிவிட்டால் பிரச்சினையில் பெரும்பகுதி புல், பேவர் எதுவும் இல்லாமலே தீரும். கான்ட்ராக்டரின் எஸ்டிமேட்டில் இந்தக் குழாய் பற்றி ஒரு வரிகூட இல்லை என்பதைக் கவனித்தீர்களா?

திருப்புவதற்கு இடமும் உங்களிடமே இருக்கிறது. அந்த மூடிய கிணறு. 2003-இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது பல வீடுகளில் பேருக்கு ஒரு குழி தோண்டி ஜல்லி போட்டு மூடினார்கள். களிமண்ணில் அந்தக் குழிகள் நிறைந்து வழிவதோடு சரி. பழைய உறைக்கிணறு அப்படியல்ல. களிமண்ணைத் தாண்டி ஊற்று வந்த ஆழம் வரை ஏற்கெனவே யாரோ தோண்டி உறை இறக்கி வைத்திருக்கிறார்கள். இன்றைக்கு அப்படி ஒன்று தோண்ட என்ன செலவாகும் என்று உங்கள் கொத்தனாரையே கேட்டுப் பாருங்கள்.

ஸ்லாபைத் திறக்கும்போது ஒரு எச்சரிக்கை. வருடக்கணக்கில் மூடிக்கிடந்த கிணற்றுக்குள் யாரையும் இறக்காதீர்கள். உள்ளே பிராணவாயு இல்லாமல் இருக்கும், விஷவாயு தங்கியிருக்கும். விளக்கை இறக்கிப் பார்க்கும் பழைய வழக்கத்தை நம்பவும் வேண்டாம். விளக்கு எரிவதாலேயே விஷவாயு இல்லை என்று ஆகாது, தீப்பிடிக்கும் வாயு இருந்தால் விளக்கே ஆபத்து. பல நாள் திறந்து போட்டு, கிணறு தூர் வாருவதையே தொழிலாகச் செய்கிறவர்களை, காற்றடிக்கும் கருவியும் இடுப்புக் கயிறும் மேலே காவலுக்கு ஆளுமாக வரச்சொல்லுங்கள். மலிவாகச் செய்கிறேன் என்று ஒருவர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு குதிக்க வந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

மாடிக் குழாய் இரண்டையும் 4 அங்குல பைப்பில் சேர்த்து, கிணற்றுக்குப் பக்கத்தில் மூன்றடிக்கு மூன்றடி ஒரு வடிகட்டும் தொட்டி. கீழே ஒன்றரை அங்குல ஜல்லி, நடுவில் முக்கால் அங்குல ஜல்லி, அதன்மேல் நைலான் வலை, மேலே ஒரு அடி ஆற்று மணல். அங்கிருந்து கிணற்றுக்கு. தொட்டிக்கு முன்னால் பைப்பில் ஒரு மூடி வைத்த கிளை இருக்கட்டும். வருடத்தின் முதல் மழையும், நீண்ட வெயிலுக்குப் பிறகு வரும் மழையின் முதல் பத்து நிமிடமும் மாடித் தூசியையும் புறா எச்சத்தையும் அள்ளிக்கொண்டு வரும், அதை வெளியே விட்டுவிட வேண்டும். மேல் மணலை வருடத்துக்கு ஒருமுறை ஆவணியில் சுரண்டிக் கழுவிப் போட வேண்டும். இதைச் செய்யாத வீடுகளில் மூன்றாம் வருடம் தண்ணீர் தொட்டிக்கு மேல் வழியும், வீட்டுக்காரர் மழைநீர் சேகரிப்பே ஏமாற்று வேலை என்பார். கிணற்று உறையைத் தரைக்கு மேல் 2 அடி உயர்த்திக் கட்டி, மேலே கம்பிக் கிராதியும் கொசு வலையும் போட்டுப் பூட்டுங்கள். தோட்டத்துத் தண்ணீர் நேராகக் கிணற்றுக்குள் போகக் கூடாது. மாடித் தண்ணீர் மட்டும்தான். நாலைந்து மழைக்காலம் இப்படிப் போனால் டிடிஎஸ்ஸிலும் மாற்றம் தெரிய வாய்ப்புண்டு, ஆனால் அதற்கு உறுதி தரமாட்டேன்.

இனித் தோட்டத்தின் மேலேயே விழும் மழை. இதற்குத்தான் பள்ளம். அதற்கு முன்னால் ஒரு கொத்தனாரைக் கூப்பிட்டு டியூப் மட்டம் (தண்ணீர் நிரப்பிய டியூபால் உயரம் அளப்பது) பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அரை நாள் வேலை. கொல்லைப் படியில் ஒரு முனை, மறு முனையைத் தோட்டத்தில் ஐந்தடிக்கு ஓர் இடமாக நகர்த்தி, ஒவ்வொரு இடத்திலும் எத்தனை அங்குலம் தாழ்வு என்று ஒரு தாளில் கட்டம் போட்டு எழுதிக்கொள்ளுங்கள். கண்ணுக்குச் சமமாகத் தெரியும் தரையில் ஆறு அங்குல வித்தியாசம் ஒளிந்திருக்கும். வீட்டுச் சுவரிலிருந்து பத்தடிக்கு ஒன்றரை அங்குலமாவது வெளிப்பக்கம் சரிய வேண்டும். சரிவு சுவரை நோக்கி இருந்தால் முதலில் அதை வெட்டித் திருப்ப வேண்டும்.

இன்னொரு சோதனையும் உண்டு. தண்ணீர் நிற்கும் இடத்தில் ஒரு அடி சதுரம், ஒன்றரை அடி ஆழம் குழி எடுத்துத் தண்ணீர் நிரப்புங்கள். அது முழுதும் வடிந்த பிறகு மறுபடி நிரப்பி, ஒரு குச்சியில் கோடு போட்டு மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். ஓர் அங்குலத்துக்கு மேல் இறங்கினால் வெறும் பள்ளமே போதும். அரை அங்குலம்கூட இல்லையென்றால் பள்ளத்துக்கு அடியில் உறிஞ்சு குழியும் வேண்டும். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் குழி தேவைப்படும் என்றே படுகிறது.

பள்ளம் என்றவுடன் குட்டை என்று நினைத்து அத்தை பயப்பட வேண்டாம். 12 அடி நீளம், 8 அடி அகலம், நடுவில் 9 அங்குல ஆழம். ஓரமெல்லாம் சாய்வாக இறங்கும், குழந்தை ஓடினாலும் தடுக்கி விழாது. தென்னையிலிருந்து 6 அடி, வீட்டுச் சுவரிலிருந்து 5 அடி தள்ளி, தண்ணீர் தானாக வந்து சேரும் இடத்திலேயே எடுங்கள். சாய்வு போக இதில் 1,500 லிட்டர் நிற்கும். நடுவில் 3 அடி அகலம், 5 அடி ஆழம் உறிஞ்சு குழி. அதன் அடியிலிருந்து களிமண் முடிந்து மணலோ உக்கல் பாறையோ தட்டுப்படும் வரை 6 அங்குலத் துளை. துளையிலும் குழியிலும் ஒன்றரை ஜல்லியும் செங்கல் துண்டும். வெட்டிய மண்ணை வெளியே அனுப்பாதீர்கள். அதே மண்ணோடு மூன்றில் ஒரு பங்கு மக்கிய தொழுவுரமும் மாஞ்சருகும் கலந்து, செடி வைக்கும் இடங்களில் ஒரு அடி மேடுகளாக அணையுங்கள். களிமண்ணோடு கொஞ்சம் மணல் கலந்தால் இளகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். கொஞ்சம் மணல் களிமண்ணை இன்னும் கெட்டியாக்கும். எரு, சருகு, மட்கு, இவைதான் அதை இளக்கும்.

இதெல்லாம் செய்தால் இனித் தண்ணீரே நிற்காதா? வழக்கமான மழைக்கு ஒரு நாள், ஒன்றரை நாளில் வடிந்துவிடும். 2015 டிசம்பர் 1 அன்று தொடங்கி ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் கொட்டியது. அப்படி ஒரு மழைக்கு உங்கள் தோட்டத்தில் நாம் என்ன செய்தாலும் ஈடு இல்லை. அன்றைக்குக் காப்பது கொல்லைப் படியின் உயரம்தான். அதனால்தான் சவுடு வேண்டாம் என்று அடித்துச் சொல்கிறேன்.

கொசு. டெங்கு கொசு முட்டையிலிருந்து பறக்கும் வரை வளர ஒரு வாரத்துக்குக் குறையாமல் தண்ணீர் தேங்க வேண்டும். இரண்டு நாளில் வடியும் பள்ளத்தில் அது பிழைக்காது. உங்கள் வீட்டில் கொசு வளர்வது பெரும்பாலும் ஃப்ரிட்ஜ் பின்னால் உள்ள தட்டிலும், பூந்தொட்டிக்கு அடியில் வைத்த தட்டிலும், மூடாத தேங்காய்ச் சிரட்டையிலும். கான்ட்ராக்டர் சொல்லும் ஃபவுண்டன்தான் மோட்டார் பழுதான மறு வாரமே கொசுத் தொட்டியாகும். அதை மறந்துவிடுங்கள்.

புல்தரை விஷயத்துக்கு வருவோம். உங்கள் கான்ட்ராக்டர் வந்து பார்த்தது இந்த வைகாசி வெயிலில். இப்போது நண்பகலில் சூரியன் உச்சிக்குச் சற்று வடக்கே நிற்கிறது, வீட்டு நிழல் தோட்டத்தின் மேல் விழவே விழாது. பார்த்தால் அத்தனையும் வெயில். மார்கழியில் வந்து பாருங்கள். சென்னை 13 பாகை வட அகலாங்கில் இருக்கிறது. டிசம்பர் கடைசியில் நண்பகல் சூரியன் தெற்கே சாய்ந்து தரையிலிருந்து 53 பாகை உயரத்தில்தான் நிற்கும். மாடியும் கைப்பிடிச் சுவருமாக உங்கள் வீடு 24 அடி உயரம் என்றால் நண்பகல் நிழல் 18 அடி வடக்கே நீளும். தோட்டத்தின் ஆழமே 20 அடி. ஆக, ஐப்பசி முதல் தை வரை உங்கள் கொல்லைப்புறம் நிழலும் ஈரமுமான இடம். பங்குனி முதல் ஆவணி வரை வெயில் கொளுத்தும் இடம். ஒரே தோட்டத்தில் இரண்டு ஊர்.

கொரியன் புல்லுக்கு நாள் முழுக்க வெயில் வேண்டும், காலடியில் தண்ணீர் நிற்கக் கூடாது. மழைக்காலத்தில் உங்கள் தோட்டம் இரண்டையும் மறுக்கிறது. முதல் கார்த்திகையிலேயே பழுப்பு வட்டம் வட்டமாக அழுகத் தொடங்கும். கோடையில் அதற்கு நேர்மாறு. 400 சதுர அடிப் புல்லுக்குச் சதுர மீட்டருக்கு 5 லிட்டர் என்றால்கூட நாளுக்கு 185 லிட்டர், அதுவும் 1,600 டிடிஎஸ் உப்புத் தண்ணீர். புல்லே வேண்டும் என்று ஆசைப்பட்டால் நடுவில் 60, 70 சதுர அடிக்கு மட்டும் எருமைப் புல் வையுங்கள். இலை அகலமாக, கொஞ்சம் முரடாக இருக்கும், ஆனால் அரைநிழலைத் தாங்கும். நானாக இருந்தால் அதுவும் வைக்க மாட்டேன்.

மகனிடம் சொல்லுங்கள்: செயற்கைப் புல் பிளாஸ்டிக் பாய். சித்திரை வெயிலில் மதியம் அதில் வெறுங்காலோடு நின்று பார்க்கட்டும். மழைத்தண்ணீர் அடியில் தேங்கி வாடை அடிக்கும், நாலைந்து வருடத்தில் நைந்து குப்பைக்குப் போகும். அதற்கு அடியில் மண்புழுகூட மிஞ்சாது.

கல் பதிக்க வேண்டியது நடக்கும் இடத்துக்கு மட்டும். கொல்லைக் கதவிலிருந்து மாமரத்தடி, கிணறு இரண்டுக்கும் போக மூன்றரை அடி அகலப் பாதை போதும். 74 வயதுக்காரர் நடக்கப்போகிறார் என்பதால் பாலிஷ் போட்ட கடப்பா கல் வேண்டவே வேண்டாம், பாசி பிடித்தால் வழுக்கும். மேல்முகம் சொரசொரப்பான கருங்கல் பலகை வாங்குங்கள். மண்ணை நான்கு அங்குலம் எடுத்து, கிரஷர் டஸ்ட் (கல்தூள்) கொட்டித் தண்ணீர் விட்டு இடித்து, அதன் மேல் கல்லை ஆட்டி உட்கார வையுங்கள். கல்லுக்கும் கல்லுக்கும் ஓர் அங்குல இடைவெளி, அதில் மறுபடி டஸ்ட். சிமென்ட் கலவை வேண்டாம். பேவர் பிளாக்கிலும் தண்ணீர் இறங்கும் என்று கான்ட்ராக்டர் சொன்னால், அடியில் பிசிசி (கம்பியில்லாத சிமென்ட் கான்கிரீட்) போடுவீர்களா என்று திருப்பிக் கேளுங்கள். போடுவார். போட்டால் ஒரு சொட்டு இறங்காது.

மாமரம் இருக்கட்டும். அத்தை சொல்வதுதான் சரி. மேற்கு வெயிலை மறைக்க 20 வருட மரத்துக்கு ஈடாக எந்த நர்சரியும் ஒன்றும் விற்காது. ஆனால் மரத்தில் கை வைக்கவே கூடாது என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். காய்ப்பு ஓய்ந்ததும் ஆனி, ஆடியில் கவாத்து செய்ய வேண்டும். தள்ளிப்போட்டுப் புரட்டாசிக்கு மேல் வெட்டினால் மார்கழி, தையில் பூ வராது. சுவரைத் தொடும் கிளை, ஒன்றோடொன்று உரசும் கிளை, காய்ந்தது, உள்ளே அடைசலாக இருப்பது, இவ்வளவுதான். பெரிய கிளையை மேலிருந்து ஒரே வெட்டாக வெட்ட விடாதீர்கள். பாதி அறுபட்டதும் கனம் தாங்காமல் முறிந்து அடிமரத்துப் பட்டையை இரண்டடி நீளத்துக்கு உரித்துக்கொண்டு விழும். அடிமரத்திலிருந்து ஒரு அடி தள்ளி முதலில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு அறுத்து, அதற்குச் சற்று வெளியே மேலிருந்து அறுத்துக் கிளையை விழவைத்து, கடைசியில் மிஞ்சிய முண்டை, அடியில் தடித்துச் சுருங்கியிருக்கும் பட்டை வளையத்தை ஒட்டி, அந்த வளையம் காயப்படாமல் அறுக்க வேண்டும். காயத்தில் போர்டோ பசை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்தது) பூசுங்கள். மரம் வெட்ட வருபவர் இந்த மூன்று வெட்டைப் பற்றிக் கேட்டால் முழிக்கிறாரா என்று பாருங்கள், ஆளை எடைபோட அது போதும்.

உங்கள் காபி இடம் அந்த மரத்தடிதான். சுற்றிலும் சிமென்ட் மேடை கட்டாதீர்கள். 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையில் சாய்த்த மரங்களில், நடைபாதைக்காக வேர் வெட்டுப்பட்டு அடிவரை சிமென்ட் பூசப்பட்ட மரங்களைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு கருங்கல் தாங்கி, மேலே ஒரு பலகைக் கல். தோண்டாமல் அப்படியே வையுங்கள். சுற்றிலும் மாஞ்சருகு கிடக்கட்டும், பெருக்கித் தள்ள வேண்டாம். பூ பூக்கும் காலத்தில் தத்துப்பூச்சி வந்தால் இலையெல்லாம் தேன் பூசியதுபோல் பிசுபிசுக்கும், கல்லிலும் சொட்டும். அந்தச் சில வாரம் நாற்காலியைக் கதவோரம் போட்டுக்கொள்ளுங்கள். தென்னைக்குக் கீழே மட்டும் எந்தக் காலத்திலும் இருக்கை வேண்டாம், பாதையையும் அதைவிட்டு விலக்கி வையுங்கள். 45 நாளைக்கு ஒருமுறை ஆள் ஏற்றிக் காயும் காய்ந்த மட்டையும் இறக்கிவிட வேண்டும். உரித்த மட்டையை வீசாமல் செடி மேட்டுக்கு அடியில் குழிந்த பக்கம் மேலே பார்க்க அடுக்கிப் புதையுங்கள், கோடையில் ஈரம் காக்கும்.

இப்போது அத்தையின் பூ. உங்கள் தோட்டத்தின் இரண்டு ஊர் குணம் இங்கே அதிர்ஷ்டம். மல்லிகை பூத்துக் குலுங்குவது பங்குனியிலிருந்து ஆடி வரை, உங்களுக்கு வெயில் இருக்கும் மாதங்கள். கார்த்திகை கடைசியில் அதைக் கவாத்து செய்து இலை உதிர்த்து ஓய்வில் விட வேண்டும், அப்போது உங்களுக்கு நிழல். வீட்டு நிழல் எட்டாத பின்சுவர் ஓரத்தில், தென்னைக்குக் கிழக்கே மேடு போட்டு நாலு குண்டு மல்லி வையுங்கள். வீட்டுச் சுவர்ப் பக்கம் அரைநிழலில் நந்தியாவட்டையும் கனகாம்பரமும் வரும். சுவரை ஒட்டி ஒன்றரை அடிக்கு வெறும் ஜல்லிப் பட்டை விட்டு அதற்கு அப்பால் நடுங்கள். பவழமல்லிக்கு வடகிழக்கு ஓரம். செம்பருத்தி ஒன்று போதும், மாவுப்பூச்சிக்கு அது தலைவாசல். பூச்சி தெரிந்ததும் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவிவிட்டு வேப்பெண்ணெய்க் கரைசல் தெளியுங்கள்.

பள்ளத்துக்குள் வெட்டிவேர், கல்வாழை, ஸ்பைடர் லில்லி. மூன்றும் நாலு நாள் தண்ணீரிலும் நிற்கும், கோடையிலும் சாகாது. துவைக்கிற கல் தண்ணீரைத் தனி வாய்க்காலில் இரண்டு வாழைக்கும் ஒரு வரிசைக் கல்வாழைக்கும் விடுங்கள். கான்ட்ராக்டரின் கொனோகார்பஸைத் தொடாதீர்கள். வேகமாக வளரும், அதே வேகத்தில் வேர் பைப்பையும் செப்டிக் டேங்கையும் தேடிப் போகும். குஜராத் அரசு 2023-இலேயே அதை நடத் தடை போட்டது. மறைப்புக்குச் சுவர்மேல் கம்பி கட்டி முல்லையும் சங்குப்பூவும் ஏற்றினால் போதும். ஃபாக்ஸ்டெயில் பனை அழகான மரம்தான்; இந்த இடத்துக்கு வேலை எதுவும் செய்யாது.

2 லட்சத்தில் முடியுமா என்றால், வரிசை மாறாமல் செய்தால் முடியும். முதலில் கிணறும் மாடிக் குழாயும், அதற்குப் பணத்தில் பாதியை ஒதுக்குங்கள். அடுத்து மட்டம், பள்ளம், உறிஞ்சு குழி. பிறகு பாதை. இவை ஆனி, ஆடிக்குள் முடிய வேண்டும். செடி கடைசி, ஆவணியில் வைத்தால் மழைக்கு முன் வேர் பிடித்துவிடும். செடிகளைச் சின்னதாகவே வாங்குங்கள். நம் நர்சரிகளுக்கு ஆந்திரத்தின் கடியம் பக்கமிருந்து வரும் பெரிய செடிகள் பல, பந்துபோல் இறுகிய செம்மண்ணோடு வரும். அந்தப் பந்தை உடைத்து வேரைப் பிரித்துவிடாமல் களிமண்ணில் புதைத்தால் வேர் பந்தைவிட்டு வெளியே வராது. மொத்தமாக ஒருவரிடம் காண்ட்ராக்ட் விடாமல், கொத்தனாருக்கும் தூர் வாருபவருக்கும் தோட்டக்காரருக்கும் தனித்தனியாகக் கூலி பேசுங்கள். அலைச்சல் கூடும், ஆனால் என்ன போட்டார்கள் என்பது உங்கள் கண் முன்னால் நடக்கும். பணம் தீர்ந்தால் செடியில் குறைத்துக்கொள்ளுங்கள், குழாயில் குறைக்காதீர்கள்.

கறிவேப்பிலை. துவைக்கிற கல் பக்கம் வைத்தது ஏன் வரவில்லை என்பது இப்போது உங்களுக்கே தெரிந்திருக்கும்: களிமண், தேங்கும் ஈரம், போதாததற்குச் சோப்புத் தண்ணீர். அடுத்த கன்றைக் கிழக்குச் சுவர் ஓரம், ஒரு அடி உயரம் மூன்றடி அகல மேட்டில் வையுங்கள். முதல் வருடம் இலை பறிக்காதீர்கள். மூன்றடி வளர்ந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளை வெடிக்கும். அதற்குப் பிறகும் இலையாக உருவாமல் கொத்தாகக் கிளை நுனியை ஒடித்தே எடுங்கள். புதுத் தளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்துக் குறை. உப்புத் தண்ணீரும் காரத்தன்மையும் சேர்ந்த மண்ணில் வருவதுதான். ஏசி தண்ணீரைப் பிடித்து அதற்கு ஊற்றுங்கள், உப்பில்லாத தண்ணீர். அத்தை புளித்த மோர் ஊற்றச் சொன்னால் தாராளமாக ஊற்றலாம். சோப்புத் தண்ணீர் மட்டும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காமல் இருக்கட்டும்.